அறுபதுக்கு மேல் பைக் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

ஓய்வு பெற்றபின் பைக்கில் நெடுந்தூரம் போக விரும்பும் வாசகர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம். மருந்து, உடல்நிலை பற்றிய இடங்களில் உங்களைப் பார்க்கும் டாக்டரின் சொல்லே முடிவு.

எனக்கு 63 வயது. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இதுவரை ஓட்டியதெல்லாம் 100 சிசி வண்டிதான். 350 சிசி புல்லட் வாங்கி ஊர் ஊராகப் போக ஆசை. மகனோ, "வெயிட்டான வண்டி, வேண்டாம்ப்பா" என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகர், தஞ்சாவூர்

உங்கள் ஆசையிலும் தப்பில்லை, மகனின் பயத்திலும் தப்பில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டியின் எடை உங்களுக்குத் துணை. எதிர்க்காற்றிலும் லாரி கடக்கும்போதும் ஆடாமல் நிற்கும். அதே எடை, வண்டி நின்ற கணத்தில் உங்கள் கால் மேல் வந்துவிடுகிறது. வயதானவர்கள் வண்டியோடு சரிவது பெரும்பாலும் இப்படித்தான்: பெட்ரோல் பங்க்கில் திரும்பும்போது, ஓட்டல் வாசல் சரிவில் நிறுத்தும்போது, யூ-டர்ன் அடிக்கும்போது. ஆகவே சிசியைப் பார்க்காதீர்கள். எடையையும் சீட் உயரத்தையும் பாருங்கள்.

நீங்கள் ஓட்டிப் பழகிய 100 சிசி வண்டி சுமார் 110 கிலோ இருக்கும். புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டின் வண்டிகளில், 2021-இல் வந்த புது கிளாசிக் 350, 195 கிலோ. சீட் உயரம் 805 மி.மீ. மீட்டியோர் 350 எடையில் கிட்டத்தட்ட அதே (191 கிலோ), ஆனால் சீட் 765 மி.மீ. தான். ஹண்டர் 350, 181 கிலோ. பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220-இன் சீட் 737 மி.மீ., எடை 163 கிலோ. உங்கள் உயரத்துக்கு 805 மி.மீ. சீட்டில் முன்பாதம்தான் தரையில் படும், குதிகால் எழும்பி நிற்கும். சமதளத்தில் சமாளிக்கலாம், சரிவில் முடியாது.

ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தள்ளிப் பாருங்கள். பயணத்துக்குப் போடப்போகும் அதே ஷூவோடு போங்கள். முதலில் உட்கார்ந்து இரண்டு பாதமும் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இறங்கி, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, நியூட்ரலில் பத்தடி தூரம் பின்னோக்கித் தள்ளுங்கள், லேசான மேட்டில். அடுத்து டபுள் ஸ்டாண்ட். கையால் தூக்க முயலாமல், ஸ்டாண்டின் மிதியில் உடம்பு எடை முழுவதையும் இறக்கினால் வண்டி தானாக ஏற வேண்டும். கடைசியாக, 20 அடி அகலச் சாலையில் காலை ஊன்றாமல் இரண்டு பக்கமும் யூ-டர்ன். இந்த நான்கும் மூச்சு வாங்காமல் முடிந்தால் அந்த வண்டியை வாங்கலாம். ஒன்றில் திணறினாலும் அடுத்த எடை குறைந்த வண்டிக்குப் போய்விடுங்கள். நம் சாலைகளில் 80-இல் போக 20 குதிரைத்திறன் தாராளம். 160 கிலோ வண்டியில் போகிறவர் பார்க்காத ஊர் எதையும் 195 கிலோ வண்டிக்காரர் பார்த்துவிடப் போவதில்லை.

முதுகெலும்பில் டிஸ்க் தொல்லை உள்ளவர்கள், சீட் தாழ்வாக இருக்கிறதே என்று குரூஸர் வகையில் (மீட்டியோர், அவெஞ்சர் போன்றவை) ஏமாந்துவிட வேண்டாம். கால் முன்னால் நீட்டியிருப்பதால் குழியில் விழும் அடி முழுவதும் நேரே வால் எலும்புக்குப் போகும், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று அதைத் தாங்க முடியாது. சீட் உயரம் ஒத்துவந்தால் நிமிர்ந்து உட்காரும் வண்டியே அவர்களுக்கு நல்லது.

இன்னொன்று: அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர் உள்ள மாடலையே கேட்டு வாங்குங்கள். ஸ்போக் வீலில் பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ட்யூப்லெஸ்ஸில் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, 12 வோல்ட் பம்பால் காற்றடித்துப் புறப்பட 15 நிமிடம் போதும். குனிந்து நிமிர்வதும் குறைவு.

தனியாகப் போகும்போது வண்டி சரிந்துவிட்டால் 66 வயதில் ஒருவனாகத் தூக்க முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

முடியும். ஆனால் எல்லோரும் இயல்பாகச் செய்வதுபோல ஹேண்டிலைப் பிடித்து முன்பக்கமாகக் குனிந்து இழுத்தால் வண்டி எழுவதற்கு முன் உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதுகைத் திருப்பிக்கொண்டு, தொடை பலத்தில் தூக்க வேண்டும்.

முதலில் சாவியை அணையுங்கள். பெட்ரோல் ஒழுகுகிறதா, பின்னால் வண்டி வருகிறதா என்று பாருங்கள். மூச்சு சீராக இரண்டு நிமிடம் ஆகட்டும். பதற்றத்தில் தூக்குகிறவர்களுக்குத்தான் சதை பிடிக்கிறது. வண்டி கியரில் இருக்கட்டும், நியூட்ரலில் இருந்தால் தூக்கும்போது உருளும்.

வலப்பக்கம் சரிந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் மேலே தெரியும், அதை முன்கூட்டியே நீட்டிவிடலாம். நிமிர்ந்த வண்டி மறுபக்கம் சாய்ந்தால் ஸ்டாண்ட் பிடித்துக்கொள்ளும். இடப்பக்கம் விழுந்திருந்தால் அந்த வசதி இல்லை. நிமிர்த்திய பிறகு இடுப்பால் வண்டியைத் தாங்கிக்கொண்டு, மெல்லத் திரும்பி, காலால் ஸ்டாண்டைத் தள்ள வேண்டும். அவசரப்பட்டு வேகமாக உந்தினால் வண்டி மறுபக்கம் கவிழும். பலர் இரண்டாவது முறை தூக்க நேர்வது இதனால்தான்.

எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கமே ஹேண்டிலை முழுவதும் திருப்புங்கள். கீழே இருக்கும் கைப்பிடி டேங்க் அருகே வரும். வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டின் ஓரத்தில் பிட்டம் பதியக் குந்துங்கள். ஒரு கையால் அந்தக் கைப்பிடி, மறு கையால் பின்னால் உள்ள கம்பி. கைகளை மடக்காதீர்கள், அவை பிடித்துக்கொள்ள மட்டுமே. முதுகை நேராக வைத்து, பாதத்தைச் சிறுசிறு அடியாகப் பின்னால் நகர்த்தி, பிட்டத்தால் சீட்டைத் தள்ளிக்கொண்டே போங்கள். தொடக்கத்தில்தான் பாரம். பாதி எழுந்ததும் இலகுவாகிவிடும். லெக் கார்டு மாட்டிய வண்டி முழுவதும் படுக்காமல் சாய்ந்தே கிடக்கும் என்பதால் அந்தக் கடினமான முதல் பாதி மிச்சம். பயண வண்டிக்கு லெக் கார்டு அவசியம் என்று நாங்கள் சொல்வது அதற்காகவும்தான்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி விழுந்தால் அதிலுள்ள சென்சார் இன்ஜினை நிறுத்திவிடும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி கிளம்பும். இது தெரியாமல் பேட்டரி தீரும்வரை ஸ்டார்ட்டரை அழுத்துகிறவர்கள் உண்டு. கிளம்பும் முன் பிரேக், கிளட்ச் லீவர்கள் வளைந்திருக்கின்றனவா, ஆக்ஸிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் இதயத்திலோ கண்ணிலோ அறுவை சிகிச்சை ஆனவர்கள் தூக்கவே வேண்டாம். போகிறவர்களை நிறுத்திக் கேளுங்கள். நம் ஊரில் யாரும் மறுப்பதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்? 150 கிலோமீட்டர் தாண்டினால் முழங்கால் மரத்துவிடுகிறது.
– வாசகர், விழுப்புரம்

நான்குவழிச் சாலையில் 250, மலைச் சாலையில் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஓடினால் நான்காம் நாள் ஒரே ஊரில் தங்குங்கள். வெயில் காலத்தில் காலை 5.30-க்குக் கிளம்பி 11 மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

முழங்கால் மரப்பது தூரத்தால் அல்ல, ஒரே கோணத்தில் மடங்கியே இருப்பதால். வலி வந்தபின் நிறுத்தினால் பயனில்லை, வருவதற்கு முன் நிறுத்த வேண்டும். அறுபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் இறங்கி நடங்கள். வண்டிமேல் உட்கார்ந்தபடியே டீ குடிப்பது ஓய்வு ஆகாது. லெக் கார்டில் ஹைவே ஃபுட்ரெஸ்ட் மாட்டிக் காலை அவ்வப்போது நீட்டிக்கொள்ளலாம். ஆனால் பிரேக்கிலிருந்து கால் விலகுவதால் காலியான நேர்சாலையில் மட்டும்.

சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பிராஸ்டேட் தொல்லையும் உண்டு. அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும் என்று பயணத்தில் தண்ணீர் குடிப்பதே இல்லை. சரியா?
– வாசகர், மதுரை

சரியில்லை ஐயா, இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்வை உடனே உலர்ந்துவிடும், உடம்பில் நீர் வற்றுவது தெரியாது. பி.பி. மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருந்தால் (மருந்துச் சீட்டில் ஹைட்ரோகுளோரோதையசைடு என்றிருக்கும்) வற்றுவது இன்னும் வேகம். முதலில் வருவது தலைவலியும் கவனக் குறைவும்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டம்ளர், சிறிது சிறிதாகக் குடியுங்கள். மணிக்கொருமுறை நிறுத்தப்போகிறீர்கள் என்பதால் கழிவறைக் கவலையும் அதிலேயே தீரும்.

பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு உட்கார்ந்து எழும்போது பி.பி. சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்திய உடனே காலைத் தூக்கிப் போட்டு இறங்கினால், ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில்தான் சுற்றும். ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, அரை நிமிடம் உட்கார்ந்திருந்து இறங்குங்கள்.

சர்க்கரையில் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் வரும், அதுவும் சாப்பாடு தள்ளிப்போகும் பயண நாளில். குளுக்கோமீட்டர் கையில் இருக்கட்டும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. 90-க்கு மேல் வந்தபிறகும் முக்கால் மணி நேரம் கழித்தே வண்டியை எடுக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டாலும் மூளை தெளியச் சற்று நேரம் பிடிக்கும். குளுக்கோஸ் பாக்கெட் சட்டைப் பையில் இருக்க வேண்டும், பின்பெட்டியில் அல்ல. பி.பி.க்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அந்த மருந்துகள் மறைத்துவிடும். வியர்வை மட்டுமே அடையாளமாக மிஞ்சும்.

இன்சுலினைப் பின்பெட்டியில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். தண்ணீரில் நனைத்தால் குளிர்ந்தே இருக்கும் இன்சுலின் பைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் வாங்கும் செட்டிரிசின், குளோர்பெனிரமின் தூக்கம் தரும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், மருந்தின் பெயரையும் ரத்த வகையையும் வீட்டு எண்ணையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லைசென்ஸோடு வையுங்கள்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு என்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, போயே தீருவேன் என்கிறார். தடுக்கவா, விடவா?
– வாசகி, ஈரோடு

சமவெளியில் பழக்கம் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர் என்றால் தடுக்க வேண்டாம் அம்மா. முதலில் ஏற்காடு போய்வரட்டும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 வளைவு, அதில் தெரிந்துவிடும். பிறகு காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறலாம். வார நாளில், காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருக்கட்டும். டேங்கைக் கீழேயே நிரப்பிக்கொள்ளட்டும்.

கீழே வருவதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

வேகம் அங்கே ஆபத்தில்லை. வளைவின் நடுவில் வண்டி ஆஃப் ஆவதுதான் ஆபத்து. இன்ஜின் நின்றதும் கால் தரையைத் தேடும். உள்பக்கம் சாலை சரிந்து கிடப்பதால் தரை எட்டாது, வண்டி அந்தப் பக்கமே சாயும். இதைத் தவிர்க்க, வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும். 350 சிசிக்கு இரண்டாவது, சுமை இருந்தால் முதலாவது. வளைவுக்குள் நுழைந்தபின் கிளட்சைத் தொடக் கூடாது. ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக இருக்கட்டும், லேசாகப் பின்பிரேக். பார்வை முன்சக்கரத்தில் அல்ல, வளைவு முடியும் இடத்தில்; தலையையே திருப்ப வேண்டும். கழுத்து முழுவதும் திரும்பாதவர்கள் தோளையும் சேர்த்துத் திருப்பட்டும்.

இடதுபக்க வளைவுதான் கடினம். நாம் இடப்பக்கம் போவதால் ஏறும்போது நமக்கு உள்வட்டம், குறுகல், செங்குத்து. நம் பாதியின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்தால் வட்டம் சற்றுப் பெரிதாகும். வலதுபக்க வளைவு அகலமானது, ஆனால் குறுக்கே வெட்டிப் போக ஆசை வரும். எதிரே இறங்கும் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது, ஆனாலும் பஸ்ஸிடம் அதைக் கேட்காதீர்கள். ஹார்ன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னுள்ள நேர்ப்பகுதியிலேயே நின்றுவிடுங்கள்.

மேட்டில் நிற்கும்போது வலது கால் பின்பிரேக்கில், இடது கால் தரையில். முன்பிரேக்கை மட்டும் நம்பினால் சரளையில் சக்கரம் வழுக்கி வண்டி பின்னால் போகும். கிளட்சைப் பாதி விட்டு, இன்ஜின் இழுப்பதை உணர்ந்தபிறகு பிரேக்கை விட வேண்டும். வீட்டருகே ஏதாவது பாலத்து ஏற்றத்தில் இதை இருபது முறை பழகிக்கொள்ளட்டும்.

இறங்கும்போது ஏறிய அதே கியர். நியூட்ரலில் ஒருபோதும் கூடாது. பிரேக்கை அழுத்தியே பிடித்துக்கொண்டு வந்தால் டிஸ்க் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, லீவர் மெத்தென்று உள்ளே போகும். விட்டுவிட்டு அழுத்த வேண்டும். கருகல் வாடை வந்தாலோ லீவர் தளர்ந்தாலோ ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆற விடுங்கள். பயணத்துக்கு முன் பிரேக் பேடையும், பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு தாண்டிவிட்டதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் சீக்கிரம் கொதிக்கும். மழை பெய்தால் அன்று ஏற வேண்டாம். கொல்லிமலை அடுத்த வாரமும் இருக்கும்.

லைசென்ஸ் 60 வயதோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா? வண்டி மகன் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸ் எனக்குச் செல்லுமா?
– வாசகர், கடலூர்

புதுப்பிப்பார்கள். 55 வயதுக்கு மேல் ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுக்குத் தருவார்கள். மேல் வயது வரம்பு இல்லை. படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்று வேண்டும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸில்தான் சிக்கல். பாலிசியில் கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு மட்டும். மகன் பெயரில் உள்ள வண்டியில் உங்களுக்கு அடிபட்டால் அந்தத் தொகை வராது. உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுங்கள், அல்லது வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மனைவியை ஏற்றிச் செல்வதானால் தேர்ட் பார்ட்டி மட்டும் போதாது, பேக்கேஜ் பாலிசி இருக்க வேண்டும்.

என் மனைவிக்கு ஒரு முழங்கால் மாற்று அறுவை ஆகியிருக்கிறது. டாக்டர் வண்டியில் உட்காரலாம் என்றுவிட்டார். பின்னால் உட்கார வைத்துப் போக என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

முதலில் ஃபுட்ரெஸ்ட் உயரம். மாற்றிய முழங்கால் ஓரளவுக்கு மேல் மடங்காது. நிற்கும் வண்டியில் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். அதிலேயே வலித்தால் அந்த வண்டி ஆகாது. சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்காருவதே நல்லது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் அவருடைய எடை முழுவதும் இடப்பக்கம் இழுக்கும், மெதுவாகப் போகும்போது அதைச் சமாளிப்பது உங்கள் இடது கால்தான்.

ஏறுவதற்கு ஒரு திண்ணை, நடைபாதை விளிம்பு, படிக்கட்டு இருக்கும் இடமாகப் பார்த்து வண்டியை ஒட்டி நிறுத்துங்கள். நீங்கள் இரண்டு காலும் ஊன்றி, முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு, "ஏறு" என்று சொன்ன பிறகே அவர் ஏற வேண்டும். இறங்கவும் அப்படியே. சொல்லாமல் இறங்கினால் வண்டி சாயும்.

பின் டயர் காற்றை, இருவருக்கென்று வண்டியில் ஒட்டியுள்ள அளவுக்குக் காலையில் ஓடுவதற்கு முன் ஏற்றுங்கள். பின் ஷாக் அப்சார்பரையும் ஓரிரு படி இறுக்க வேண்டும். டூல் கிட்டில் அதற்கான வளைந்த ஸ்பேனர் இருக்கும். இறுக்காவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் மேலே பார்க்கும், முன்சக்கரம் பிடிமானம் குறையும். பெட்டி, பைகளில் கனமானவற்றைச் சீட்டுக்குக் கீழ் மட்டத்தில் இருபக்கமும் தொங்கும் பைகளில் வையுங்கள். பின்பெட்டியில் மழைக்கோட்டும் துணியும் போதும்.

ஒரு மணி நேரம் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன.
– வாசகர், வேலூர்

உள்ளங்கை ஓரத்தில் போகும் நரம்பு அழுந்துகிறது. ஹேண்டிலை இறுகப் பிடிப்பதும், அதன்மேல் உடம்பைச் சாய்ப்பதும் காரணம். முழங்காலால் டேங்கைப் பற்றிக்கொண்டு கையைத் தளர்த்துங்கள். ஹேண்டில் தூரமாக இருந்தால் ரைசர் வைத்து ஓரங்குலம் உயர்த்தலாம். கேபிள்கள் இழுபடாமல் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிளில் எண்ணெய் விட்டு, லீவரில் 2 – 3 மி.மீ. தளர்ச்சி வைத்தாலே கைக்குப் பாதி வேலை குறையும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரவில் எதிர்வரும் லைட் கண்ணைக் கூசுகிறது. மஞ்சள் கண்ணாடி போடலாமா?
– வாசகர், கரூர்

வேண்டாம். 60 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சமே 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான். மஞ்சள் கண்ணாடி அதையும் குறைக்கும். கீறல் விழுந்த ஹெல்மெட் வைசரை மாற்றுங்கள், கண்புரை பரிசோதனை செய்யுங்கள். நெடும்பயணத்தில் மாலை 5.30-க்குள் அறையில் இருப்பதே முறை.

ஆடி மாதம் கன்னியாகுமரி போகிறேன். ஆரல்வாய்மொழி பக்கம் காற்று வண்டியைத் தள்ளும் என்கிறார்கள்.
– வாசகர், விருதுநகர்

தள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். தெற்கு நோக்கிப் போகும் உங்களுக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். வண்டியைச் சற்று வலப்பக்கம் சாய்த்தே ஓட்ட வேண்டியிருக்கும். 60-ஐத் தாண்டாதீர்கள். கை தளர்வாகவும் முழங்கால் டேங்கில் இறுக்கமாகவும் இருக்கட்டும்.

ஆபத்து காற்று அடிக்கும்போது அல்ல, சட்டென்று நிற்கும்போது. பஸ் உங்களை வலப்பக்கம் முந்தும்போது காற்றை மறைத்துக்கொள்ளும். வலப்பக்கம் சாய்ந்திருக்கும் வண்டி அந்தப் பஸ்ஸை நோக்கியே நகரும். பஸ் கடந்ததும் காற்று மறுபடி அறைந்து சாலையோரத்துக்குத் தள்ளும். கண்ணாடியில் பெரிய வண்டி வருவதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, உங்கள் தடத்தின் இடப்பக்கமாக, சாலை விளிம்பிலிருந்து மூன்றடியாவது விட்டு, அது முழுவதும் கடக்கும்வரை சீராகப் போங்கள். பெரிய பின்பெட்டி பாய்மரம்போல் காற்றை வாங்கும். அதைக் கழற்றிவிட்டுப் பக்கப் பைகளோடு போங்கள். பைக்கு மேல் போட்ட மழை உறையைப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். அது பிய்த்துக்கொண்டால் நேரே செயினில்தான் சிக்கும்.